படம் மாட்டுற வேலை

கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சம்பளம் என்று வாழ்கிறவர்கள் கெலமங்கலத்தில் எப்போதும் உண்டு. நானும் அப்படித்தான் காலம் தள்ளினேன். மற்றவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். ஓசூர் சிப்காட், லேத் பட்டறை, பொம்மசந்திராவில் கார்மென்ட்ஸ், பெங்களூர் மார்க்கெட்டில் கொத்தமல்லி வியாபாரம். நான் பெங்களூரில் ஒரு சின்னப் பொதுக் கலைக்கூடத்தில் கியூரேட்டர். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் இதே பதவிக்குக் காப்பாட்சியர் என்று பெயர். எப்படிச் சொன்னாலும் டீக்கடையில் ஒரே கேள்விதான்: "படம் மாட்டுற வேலைக்கா மாசச் சம்பளம் தர்றாங்க?"

கலைக்கூடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

டீக்கடை சொன்னது பாதிக்கு மேல் சரிதான். தற்காலக் கலையைப் பற்றி நான் யோசித்த நேரத்தைவிடச் சுவரைப் பற்றி யோசித்த நேரம் அதிகம். பழைய கட்டடம், அதனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. மேல் விளிம்பில் ஓடும் மரச்சட்டத்திலிருந்து கம்பி இறக்கித்தான் எல்லாப் படமும் தொங்கும். மின்விசிறி போட்டால் எல்லாமே லேசாக ஆடும். மழைக்காலத்தில் கிழக்குச் சுவரில் ஓதம் ஏறும். அதை மறைக்க ஆறடிக்குக் குறையாத படம் வேண்டும். ஆகவே ஜூலை முதல் அக்டோபர் வரை பெரிய அளவில் வரைகிறவர்களுக்கே எங்கள் கூடத்தில் முன்னுரிமை. இதை ஒரு துணிச்சலான அழகியல் நிலைப்பாடு என்று பாராட்டி ஒருவர் கட்டுரை எழுதினார். நான் மறுக்கவில்லை.

நீர்வண்ணம், காகிதத்தில் வரைந்தவை இவற்றின் மேல் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக் கூடாது, எண்ணெய் வண்ணம் என்றால் 200 லக்ஸ் வரை தாங்கும் என்று படித்துவிட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களிடம் இருந்தது இரண்டு வகை வெளிச்சம்: டியூப்லைட் எரியும், அல்லது எரியாது. அந்தக் காலத்து நீர்வண்ணப் படங்கள் இன்றைக்கும் நிறம் மங்காமல் இருக்கின்றன என்றால், மின்வாரியத்துக்கும் அதில் பங்குண்டு.

பார்வையாளர்கள் வந்தார்கள். வெயிலுக்கு வந்தார்கள், மழைக்கு வந்தார்கள், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வந்தார்கள், காதலிக்க வந்தார்கள், கழிப்பறைக்கு வந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட படம் எதுவோ அதன் முன்னால்தான் கூட்டம்; அதில் தலைவாரலாம். எங்கள் அட்டெண்டர் இதைக் கவனித்து எனக்கு முன்பே ஒரு கோட்பாடு வகுத்திருந்தார். புதிதாக ஒரு ஓவியர் வந்து கூட்டம் வரவில்லையே என்று வருந்தினால், "கண்ணாடி போடுங்க சார், நாளைக்கே வருவாங்க" என்பார். தலைவாரி முடித்தவர்களில் சிலர் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்தார்கள். ஒரு மார்க்கெட் மூட்டைக்காரர் தொடர்ந்து வருவார், ஒரே படத்தின் முன் நிற்பார், போவார். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, "பச்சை நல்லா இருக்கு" என்றார். அதைவிடச் சுருக்கமான, பொய்யில்லாத கலை விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

விற்பனை என்று ஒன்று உண்டு. விற்ற படத்தின் ஓரத்தில் சிவப்பு வட்டம் ஒட்ட வேண்டும், உலகெங்கும் அதுதான் வழக்கம். அந்த ஸ்டிக்கர் எங்கள் ஸ்டோரில் எப்போதும் இருக்காது. பெட்டிக்கடையில் நெற்றிப் பொட்டு அட்டை வாங்கி வைத்துக்கொண்டோம். பெரும்பாலான கண்காட்சிகளில் அந்த அட்டை பிரிக்கப்படாமலே இருந்தது. கமிஷன் இல்லாத அரசுக் கூடம் என்பதால், விற்றாலும் விற்காவிட்டாலும் எங்கள் முகத்தில் மாற்றம் தெரியாது. இதனால் ஓவியர்கள் எங்களைப் பற்றின்மை அடைந்தவர்களாக நினைத்திருக்கலாம். திரும்பிப் போகும் படங்களைக் கட்ட நான் ஊரிலிருந்து ரோஜாப் பெட்டிகள் கொண்டுபோவேன். கெலமங்கலம் சுற்றுவட்டாரத்தில் பசுமைக்குடில் ரோஜா வந்த பிறகு அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. வெளியே 'தாஜ்மகால்' என்று ரோஜா ரகத்தின் பெயர் இருக்கும். உள்ளே விற்காத அருவ ஓவியம்.

எல்லை வேலையும் இதில் சேர்ந்தது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது தமிழ்நாட்டு பஸ் ஜூஜூவாடியோடு நின்றது. அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்துதான் வேறு பஸ். நடுவில் சனங்கள் குழந்தையும் மூட்டையுமாக நடந்தார்கள். எங்கள் கூடத்தில் கண்காட்சி வைக்க வேண்டிய கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர் ஒருவரும் நடந்தார், தோளில் படங்களோடு. போலீஸ்காரர் நிறுத்தினார். என்ன இது? படம். யார் படம்? இது நியாயமான கேள்வி. அந்த வாரத்தில் எந்தத் தலைவர் முகம் எந்தப் பக்கம் போகிறது என்பது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. இவர் துணியை விலக்கிக் காட்டினார். போலீஸ்காரர் நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "யார் மூஞ்சியும் இல்ல, போப்பா" என்று விட்டுவிட்டார். அருவக் கலைக்கு இந்த நாட்டில் ஒரு அரசு அதிகாரி கொடுத்த ஆகச் சிறந்த சான்றிதழ் அது. திறப்பு விழாவில் அதைச் சொல்லச் சொன்னேன். அவர் கூச்சப்பட்டு மறுத்துவிட்டார்.

அதே 2016இல்தான் பெங்களூர் ஓவியர்கள் வெங்கடப்பா கலைக்கூடத்துக்காகத் தெருவில் நின்றார்கள். கே. வெங்கடப்பா மைசூர் அரண்மனையின் ஓவியர். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர். ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் வரைந்தவர். வீணையில் தோய்ந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல் 1965இல் இறந்துபோனவர். அவர் பெயரில் எழுபதுகளில் கஸ்தூரிபா சாலையில் அரசு கட்டிய கூடத்தில், அவர் படங்கள் போக மீதி இடத்தைக் குறைந்த வாடகைக்கு யாரும் எடுத்துக் கண்காட்சி வைக்கலாம். யாரும் என்றால் உண்மையிலேயே யாரும். பெரிய பெயர் வைத்திருந்த பலருக்கு முதல் சுவர் அதுதான். கர்நாடக அரசு அதை ஒரு தனியார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க ஒப்பந்தம் போட்டதும் ஓவியர்கள் பொங்கினார்கள். இதே ஆட்கள்தான் அதுவரை லைட் சரியில்லை, பாத்ரூம் சரியில்லை என்று எல்லாப் பொதுக் கூடங்களைப் பற்றியும் என்னிடம் புலம்பித் தீர்த்தவர்கள். இப்போது அந்த மங்கல் வெளிச்சத்தைக் காக்கப் பாட்டும் படமுமாகப் போராடினார்கள். கடைசியில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. நான் அரசு ஊழியன்; மனதுக்குள் கைதட்டினேன்.

அந்த அறக்கட்டளையை நடத்தியவர் பிறகு அதே கஸ்தூரிபா சாலையில் தனியாக ஒரு அருங்காட்சியகம் கட்டினார். மேப் என்கிறார்கள், கலைக்கும் ஒளிப்படத்துக்குமான அருங்காட்சியகம்; 2023இல் திறந்தது. வெளிச்சுவர் முழுக்க எவர்சில்வர் தகடு, தொழிற்சாலைத் தண்ணீர்த்தொட்டியை மனதில் வைத்து வடிவமைத்ததாம். சிப்காட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்தது. உள்ளே எல்லாம் சுத்தம்: வெப்பம் கட்டுக்குள், ஈரப்பதம் கட்டுக்குள், ஒவ்வொரு படத்துக்கும் அளந்த வெளிச்சம். 2009இலேயே அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் வந்துவிட்டது. மரமும் குளமுமாக, 20 ரூபாய்ச் சீட்டில் இவ்வளவு அமைதி வேறெங்கும் கிடைக்காது. நான் சர்வீஸ் முழுக்கக் கனவு கண்ட வசதிகள் எல்லாம் நான் ஓய்வு பெறும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. கொத்தமல்லி மூட்டை இறக்கிவிட்டு வியர்வைச் சட்டையோடு ஒருவர் இந்த இடங்களின் வாசலில் ஏறுவாரா என்று மட்டும் நின்று பார்த்தேன். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனாலும் ஏற மாட்டார். எங்கள் கூடத்தில் ஏறினார். அங்கே கூச்சப்படுகிற அளவுக்கு எதுவும் நன்றாக இல்லை.

இப்போது ஊரோடு இருக்கிறேன். ஊர்தான் மாறிவிட்டது. உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்து ஐபோனுக்கு உடல் செய்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்தும் வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். ஷிப்ட் பஸ் போகும் நேரத்தில் சாலையைக் கடக்க முடியாது. எங்கள் தெருவில் குடியிருக்கும் பெண்கள் சிலரை ஒரு விடுமுறை நாளில் பெங்களூர் அழைத்துப்போய்ப் படங்கள் காட்டினோம், நானும் என் மனைவியும். உள்ளே எல்லோரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் தலைவாரினார்கள். கொஞ்சம் முன்னேற்றம், சீப்பு வேண்டியதில்லை. எங்களோடு வந்த ஒருத்தி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் எங்க வேலையத்தான் சார் கையில புடிச்சிருக்காங்க" என்றாள்.

அவளுக்குத் தொழிற்சாலையில் கீறல் பார்க்கிற வேலை. பளிச்சென்ற விளக்கின் கீழ் ஒவ்வொரு துண்டையும் சாய்த்துப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்க வேண்டும். ஒரு எண்ணெய் வண்ணப் படத்தின் முன் அதே மாதிரி தலையைச் சாய்த்தாள். வலது கீழ் மூலையில் பெயின்ட் விரிசல் விட்டிருக்கிறதே என்றாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். இருந்தது. படம் வந்து சேர்ந்ததும் போகும்போதும் இப்படி அங்குலம் அங்குலமாகப் பார்த்து எழுதி வைப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். அதைக் கற்றுக்கொடுக்க எங்களுக்குப் பட்டயப் படிப்பு வைத்திருக்கிறார்கள். இவளுக்கு அது கைப்பழக்கம். காப்பாட்சியர் தேர்வு எழுதுகிறாயா என்றேன். சம்பளம் எவ்வளவு, எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்டாள். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

படம் பார்க்க இந்த ஊர்க்காரர்கள் எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது. படம் வரைகிறவர்களோ இங்கே தேடி வந்திருக்கிறார்கள். பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் குதிரைக்காரர்கள் மோதிக்கொள்வதை யாரோ மிகப் பழங்காலத்தில் தீட்டிவிட்டுப் போனார்கள். 1792இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த வட்டாரத்தின் மலைக்கோட்டைகளைச் சுற்றி வரைந்தார்கள். பக்கத்து ராயக்கோட்டை அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' வரிசையில் இருக்கிறது. ராயக்கோட்டைக் காய்கறிச் சந்தைக்கு வாராவாரம் போகிற எவருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் பார்க்க இங்கே சுவர் இல்லை. கிருஷ்ணகிரியில் 1993இலிருந்து அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, நடுகற்களுக்காகவே போய்ப் பார்க்கலாம். ஆனால் இன்றைக்கு வரைகிறவன் தன் படத்தை மாட்ட இந்த வட்டாரத்தில் கிடைப்பது கல்யாண மண்டபம்தான். அதுவும் முகூர்த்தம் இல்லாத நாளில்.

ஆகவே கெலமங்கலம் பேரூராட்சிக்கும், சமூகப் பொறுப்பு நிதியை எங்கே செலவிடுவது என்று யோசிக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஒரு விண்ணப்பம். எவர்சில்வர் சுவர் வேண்டாம். ஒழுகாத ஒரு கூடம், குடிக்கத் தண்ணீர், பூட்டாத கழிப்பறை, யாரும் கொடுக்கக்கூடிய வாடகை, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு எட்டு மணி வரை திறந்த கதவு. படம் மாட்ட ஆள் தேட வேண்டாம். நான் வருகிறேன், சம்பளம் இல்லாமல்.