தென்னையின் மோட்டார்

கேள்வி: மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற எங்களுக்கு மோட்டார் வேண்டியிருக்கிறது. 80 அடித் தென்னை மட்டும் சத்தமில்லாமல் எப்படி ஏற்றுகிறது?

பதில்: அதன் மோட்டார் உச்சியில் இருக்கிறது, கரண்ட் பில்லைச் சூரியன் கட்டிவிடுகிறது! ஓலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக, பின்னால் நிற்கும் நீர் மேலே இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் அந்த இழுவை வேர் வரை எட்டும். மேலிருந்து உறிஞ்சும் பம்பு சுமார் 10 மீட்டரிலேயே கைவிரித்துவிடும். அது காற்றழுத்தத்தை நம்பியது. மரம் நம்புவது தண்ணீரின் ஒற்றுமையை. 1894-ல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள்.

தாதுச் சத்து அப்படி இலவசமாக வராது. பொட்டாசியம் போன்றவற்றை வேர் ஆற்றல் செலவழித்துத்தான் உள்ளே இழுக்கிறது; அதற்கு அது மூச்சுவிட்டாக வேண்டும். அதனால்தான் பாத்தியில் நாள்கணக்கில் நீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காமல் போனால் தென்னை நலிகிறது.

இன்னொரு அதிசயம், தென்னைக்கு வேர்த்தூவிகளே கிடையாது. வேர் நுனியை ஒட்டிய இளம்பகுதிதான் உறிஞ்சுகிறது; அது பெரும்பாலும் தூரைவிட்டுத் தள்ளியே இருக்கும். ஆகவே உரத்தைத் தூரடியில் கொட்டாதீர்கள். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் பரப்பி, கொத்திவிட்டு, நீர் பாய்ச்சுங்கள்.