முதல் தெரிவு யாருக்கு?

கேள்வி: ஹொக்கி அணி கட்ட, புதுமுக வீரர் தெரிவில் முதலிடம் கிடைத்தால் போதுமா?
– வாசகர் ஒருவர், ஸ்பிரிங்வெளி, பதுளை

பதில்: போதுமென்றால் எட்மன்டன் ஒயிலர்ஸிடம் கோப்பை வைக்க அலுமாரி பற்றாது! வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கில் பின்தங்கிய அணிகளுக்கே முதலில் ஆள் எடுக்கும் வாய்ப்பு அதிகம். தோற்றாலும் பரிசு! ஒயிலர்ஸுக்கு 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் முதல் தெரிவு. ஆனாலும் 2016 வரை தொடர்ந்து பத்துப் பருவம் பிளேஓஃப் வாசலையே மிதிக்கவில்லை.

பிட்ஸ்பர்க் அணிக்கு முதல் தெரிவு பலித்தது: 2005இல் முதல் ஆளாக எடுத்த சிட்னி க்ரோஸ்பி மூன்று கோப்பை வாங்கித் தந்தார். டிட்ரொயிட்டோ 171ஆவதாக டட்சியுக்கையும் 210ஆவதாக செட்டர்பெர்க்கையும் பொறுக்கியெடுத்து 2008இல் கோப்பையைத் தூக்கியது.

இந்திய ஹொக்கி லீக்கில் தெரிவு இல்லை, ஏலம்தான். 2024இல் 78 இலட்சம் இந்திய ரூபாய் கொட்டி ஹர்மன்பிரீத் சிங்கை வாங்கியது சூர்மா அணி; கோப்பையைக் கொண்டுபோனது பெங்கால் டைகர்ஸ்.

உங்களுக்குத் தெரியாததா? கொழுந்து எவ்வளவு இளசானாலும், ஃபெக்டரியில் வாட்டத் தெரியாவிட்டால் தேத்தண்ணி கசக்கும். முதல் தெரிவு நல்லதுதான். 210ஆவது பெயரையும் படித்துப் பார்க்கும் பொறுமை அதைவிட நல்லது.