லைட்டு மட்டம்

பிளம்பரோ எலெக்ட்ரீஷியனோ, வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு பை நிறையச் சாமான் கொண்டு வருவார். ரென்ச் இருக்கும், டெஃப்லான் டேப் இருக்கும், போன வீட்டில் கழற்றிய பழைய வாஷர்கூட இருக்கும். டார்ச் மட்டும் இருக்காது. ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்த பிறகுதான் உள்ளேயிருந்து குரல் வரும்: "சார், ஒரு டார்ச் அடிங்க."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வீடுகளில் பழுதாகிற சமாசாரம் எல்லாம் இருட்டில்தான் இருக்கிறது. சிங்க்கின் அடி, பரணின் உள்மூலை, மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கை மட்டும் போகிற இடுக்கு. ஹாலின் நடுவே, டியூப்லைட்டுக்கு நேர் கீழே எதுவும் ஒழுகியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே குடும்பத் தலைவனுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை டார்ச் பிடிப்பது. நான் அதில் நல்ல பெயர் எடுத்தவன். "இந்தப் பக்கம் சார். கொஞ்சம் மேல. ஐயோ, என் கண்ணுல அடிக்காதீங்க." செல்போனிலேயே டார்ச் வந்த பிறகு வேலை இன்னும் கடினமாகிவிட்டது. சரியாக நட்டை முறுக்குகிற நேரத்தில், பர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கூப்பிடுவாள். போன் அதிரும், வெளிச்சம் ஆடும், உள்ளேயிருந்து திட்டு வரும். எதையும் பொருட்படுத்தாமல் நிற்பேன். வேலை முடிந்ததும் மனைவி அவருக்குக் காபி கொடுக்கும்போது எனக்கும் ஒரு டம்ளர் வரும். உழைத்துச் சம்பாதித்த காபி அது.

இந்தப் பதவிக்கு உலை வைத்தது ஒரு ரசமட்டம். உள்ளேயே லைட் வைத்தது.

ஹார்டுவேர் கடைக்கு நான் போனது தாழ்ப்பாள் வாங்க. கண்ணாடி மேஜைமேல் அது கிடந்தது. இரண்டடி நீள அலுமினியச் சட்டம். நடுவில் பச்சையும் மஞ்சளும் கலந்த திரவம், அதில் ஒரு குமிழி, குமிழிக்கு இரு பக்கமும் கறுப்புக் கோடு. கடைக்காரர் ஓரத்தில் இருந்த ரப்பர் பொத்தானை அழுத்தினார். குமிழி இருந்த கட்டை முழுக்க உள்ளிருந்து ஒளிர்ந்தது. எல்.இ.டி. எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. குமிழியின் விளிம்பு மட்டும் மை தொட்டு வரைந்த மாதிரி கறுப்பாக, கச்சிதமாக நின்றது.

"எதுக்குங்க இதுல லைட்டு?" என்று கேட்டேன்.

"இருட்டுல பாக்க."

பதில் குறையில்லாததுதான். ஆனால் விஷயம் அதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. வெளியிலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் கட்டையின் மேல்பக்கத்தில் பட்டுப் பளபளவென்று கண்ணைக் கூசவைக்கும். பக்கவாட்டில் அடித்தால் குமிழிக்கு ஒரு நிழல் விழுந்து, எது குமிழி எது நிழல் என்று பட்டிமன்றம் வைக்க வேண்டும். உள்ளிருந்து வெளிச்சம் வந்தால் இந்தத் தகராறு இல்லை. அதோடு, ஷெல்ஃப் மாட்டுகிறவருக்கு ஒரு கை மட்டத்துக்கு, ஒரு கை பென்சிலுக்கு. டார்ச்சுக்கு மூன்றாவது கை வேண்டும். அந்த மூன்றாவது கை இதுநாள்வரை நான். அப்படியானால் இந்தச் சட்டத்தின் விலை என்னுடைய விலை. பரவாயில்லை, மலிவாகத்தான் இருந்தது.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் சரிபார்க்காமல் வாங்குவதில்லை. ரசமட்டத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் இடத்தில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே இடத்தில் சட்டத்தை முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டும். நம்மைப் பொறுத்தவரை குமிழி அதே பக்கம், அதே அளவு விலகி நின்றால் மட்டம் யோக்கியம். இடம் மாறினால் மட்டத்திலேயே கோணல். வைக்கிற இடம் சமமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கடை மேஜைமேல் வைத்தேன், திருப்பி வைத்தேன். மட்டம் யோக்கியம். மேஜைதான் தெரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். முகம் கொடுத்துப் பேசாமல் சில்லறையைக் கொடுத்தார்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் கையில் மட்டம் இருப்பவனுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்கத் தோன்றாது.

ரசமட்டத்தைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த மெல்கிசெடெக் தெவனோ. 1661 வாக்கில். கண்ணாடிக் குழாயில் சாராயத்தை ஊற்றி, கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு அடைத்தார். தண்ணீரைவிடச் சாராயத்தில் குமிழி சுலபமாக வழுக்கி ஓடும். குளிர் தேசத்தில் உறைந்தும் போகாது. குழாயின் மேல்பக்கம் லேசாக வில் போல் வளைந்திருக்கும். வளைவின் உச்சி எதுவோ அங்கே குமிழி போய் நிற்கும், அவ்வளவுதான் தத்துவம். தெவனோ பிற்பாடு அரச நூலகத்துக்குப் பொறுப்பாளரானார். அதோடு, நீச்சல் அடிப்பது எப்படி என்று ஒரு புத்தகமும் எழுதினார். அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1696-ல் அது வெளிவந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் நீச்சல் வித்தைகளைப் பழகினாராம். திரவத்தையும் குமிழியையும் விட்டுத் தெவனோ கடைசிவரை கரையேறவே இல்லை.

பாவம், அவருக்கு வெயிலைப் பற்றித் தெரிந்திருக்காது. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் மட்டத்தை வைத்துவிட்டு வந்தால் உள்ளே திரவம் விரிந்து குமிழி சுருங்கிவிடும். திருச்சியில் மே மாதம் அது பாதியாக இளைத்துப்போய்ப் பரிதாபமாக நிற்கும். மார்கழி விடியலில் பார்த்தால் கொழுத்திருக்கும். எங்கள் வீட்டில் பருவத்துக்குத் தக்க இளைக்கவும் பெருக்கவும் தெரிந்த ஜீவன் அது ஒன்றுதான்.

வாங்கி வந்த இரவே வேலையை ஆரம்பித்தேன். விளக்கையெல்லாம் அணைத்தேன். இருட்டுக்கென்று செய்த கருவியை வெளிச்சத்தில் சோதிப்பது முறையாகாது. முதலில் சமையல் மேடை. குமிழி சிங்க்குக்கு எதிர்ப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. குமிழி போகிற பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். ஆக, மேடை சிங்க்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.

"மேடை கோணல்" என்று இருட்டிலேயே அறிவித்தேன்.

"அப்படியே இருக்கட்டும். தண்ணி ஊத்திக் கழுவினா தானா சிங்க்குக்குப் போகுது. நேராக்கறேன்னு ஆரம்பிச்சீங்க, அப்புறம் துடைக்கிறது நீங்கதான்" என்றாள் மனைவி.

அடுத்து பாத்ரூம். பாத்ரூம் தரை சமமாக இருக்கக் கூடாது. ஜாலியை நோக்கி வாட்டம் வேண்டும். மொட்டை மாடிக்கும் அப்படித்தான், மழைத்தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம் வாட்டம். ஒரு வீட்டில் எது சமமாக இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் கொத்தனாரின் படிப்பு. எங்கள் வீட்டைக் கட்டியவர் அந்த வகுப்புக்கு மட்டம் போட்டவர். குமிழி ஜாலியை நோக்கியே ஆசையாக ஓடியது. அதாவது வீட்டிலேயே உயரமான இடம் ஜாலி. குளித்த தண்ணீர் வாசற்படியைப் பார்த்து வருவதற்கு நனைந்த மிதியடி ஏற்கெனவே சாட்சி. இப்போது விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது.

பெரிய அறையின் கதவு விஷயம் வேறு. அது தானாகச் சாத்திக்கொள்ளும். காற்று இல்லாதபோதும் மெல்ல நகர்ந்து, முனகி, மூடும். என் அத்தைக்கு இதுபற்றி ஒரு சந்தேகம் உண்டு. அவர் சொல்லி நிலையில் எலுமிச்சம்பழம்கூடக் கட்டினோம். மட்டத்தின் முனையில் செங்குத்து பார்க்க ஒரு குமிழி இருக்கிறதே, அதைக் கீல் இருக்கும் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். சட்டம் சாய்ந்திருந்தது. கதவு தன் கனத்தாலேயே சரிவுக்குத் திரும்புகிறது. இதை அத்தையிடம் போனில் விளக்கினேன். அவருக்குப் பெரிய ஏமாற்றம். "ஏன்டா, அந்தச் சட்டத்தைச் சாய்ச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எலுமிச்சம்பழம் இன்னும் இருக்கிறது.

பூஜை அலமாரி, புத்தக ஷெல்ஃப், கல்யாண போட்டோ எதுவும் தப்பவில்லை. என் சட்டத்தின் முதுகில் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் துல்லியம் என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டில் விரலைக் கிடத்தி அளக்கும்படி கோணல்கள். டார்ச் பிடித்தவரை நான் எல்லோருக்கும் வேண்டியவனாக இருந்தேன். மட்டம் பிடிக்க ஆரம்பித்ததும் நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக மாடுலர் கிச்சன் போட்டதும் காபிக்குக் கூப்பிட்டார். "அது இல்லாம வாங்க சார்" என்றும் சொன்னார்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் கைவிட்டது. "அதுல லைட் இருக்குல்ல, அதையாவது போடுங்க" என்றாள் மனைவி. போட்டேன். அது சுற்றிலும் எதையும் காட்டவில்லை. தீப்பெட்டி தெரியவில்லை, மெழுகுவர்த்தி தெரியவில்லை. குமிழி மட்டும் ஜொலித்தது. வீடே இருட்டில் கிடக்க, நாங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தானாக அணைந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துகிற ஏற்பாடாம். 2012-ல் ஊர் ஊராகப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது இதை யாரும் விற்க வராதது கம்பெனிக்காரர்களுக்கு நல்ல காலம்.

இதன் அருமையை உணர்ந்த ஒரே மனிதர் எங்கள் மேஸ்திரி. முதலில் அவரும் உணரவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு கடப்பைக்கல் ஷெல்ஃப் போட வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தே சுவரின் தலையெழுத்தைச் சொல்லக்கூடியவர். மட்டம் எடுக்க டியூப்தான் அவர் ஆயுதம்: தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய், ஒரு முனை அவரிடம், ஒரு முனை சித்தாளிடம். இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். மூலை திரும்பிப் பக்கத்து அறைக்குப் போனாலும் நிற்கும். என் இரண்டடிச் சட்டத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் கணக்கே பொய்யாகிவிடும். மேஸ்திரி டியூபைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டிக்கொண்டிருந்தார். குமிழிக்கென்றே விளக்குப் போட்டு உட்காரவைத்திருக்கும் என் கருவியை நான் நீட்டினேன்.

"இதுல குமிழி இருந்தாத்தான் சரியாம், இல்லே?" என்றார் சந்தேகமாக. தலைமுறை தலைமுறையாகக் குமிழியோடு பகை.

அவரை வசப்படுத்த ஒரு கதை சொன்னேன். ஆங்கிலேயர் காலத்தில் இந்த தேசத்தை அளக்க லாம்டன் என்று ஒரு துரை வந்தார். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு ஆரம்பித்தார். அவரிடம் அரை டன் கனத்தில் ஒரு தியோடலைட் இருந்தது. அதையும் ரசமட்டம் வைத்துத்தான் சமப்படுத்த வேண்டும். 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துமேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி போய்ச் சுவரில் மோதி நசுங்கிவிட்டது. துரை கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார்.

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "பின்ன? ஆயிரம் வருஷமா நேரா நிக்கிற கோயிலு. அதுமேல ஏறி மட்டம் பாக்க வந்தா சும்மா விடுமா?"

சொல்லிவிட்டு மட்டத்தை வாங்கிக்கொண்டார். படிக்கு அடியில், கை மட்டுமே போகிற மூலையில் கல்லின்மேல் வைத்தார். பொத்தானை அழுத்தினார். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் நின்றது. டியூப் இல்லாமல், சித்தாள் இல்லாமல், என்னை "டார்ச் அடிங்க சார்" என்று கேட்காமல் ஷெல்ஃப் முடிந்தது. வெளியே வந்தவர் மட்டத்தைத் துண்டால் துடைத்தார். "ரெண்டு நாள் வெச்சிருந்து தரட்டுங்களா சார்?"

கொத்தனார் கேட்கும் ரெண்டு நாளுக்குக் காலண்டரில் இடம் கிடையாது என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். கொடுத்தேன். வீட்டில் மறுபடி பேச்சு சகஜமாயிற்று. பக்கத்து வீட்டுக் கிச்சனில் காபி கிடைத்தது.

போன வாரம் மேஸ்திரி கூப்பிட்டார். "சார், லைட்டு மட்டத்துக்கு செல்லு தீந்துபோச்சு. பொத்தான் மாதிரி சின்னதா மூணு போடணும். எங்க கிடைக்கும்?"

"வாட்ச் கடையில கேளுங்க. அவ்வளவு இருட்டுலயா வேலை?"

"இருட்டெல்லாம் இல்ல சார். மொட்டை மாடிக்கு ஓடு பதிக்கிறோம், பட்டப்பகல், மண்டை பொளக்கிற வெயிலு. ஆனா லைட்டு எரிஞ்சாத்தான் வாட்டம் சரியா இருக்குன்னு வீட்டுக்கார அம்மா நம்புறாங்க. இல்லேன்னா பக்கெட்ல தண்ணி ஊத்திக் காட்டுங்கறாங்க. ஊத்துனா சித்தெறும்பு போற மாதிரி எங்கெங்கயோ போவுது சார்."