அக்கூஸ்டிக்கா, ஹாலோபாடியா: ஓர் அடுக்குமாடி ஆராய்ச்சி

1947இல் வெளியான யாழ்நூலில் விபுலானந்த அடிகள் யாழுறுப்பியல் என்று ஓர் இயலையே ஒதுக்கினார். சிங்கப்பூரின் தேக்கா புளோக் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் எந்தக் கிட்டாரைத் தொடலாம் என்பதை மட்டும் பின்வருவோருக்கு விட்டுவைத்தார். அக்குறை இன்று நீங்குகிறது.

முதற்கண் இலக்கணம். அக்கூஸ்டிக் என்பது தன் வயிற்றாலேயே பாடுவது. கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேற்பலகையில் இறங்கும். பலகை காற்றைத் தள்ளும். வீடு முழுக்கக் கேட்கும். ஹாலோபாடிக்கும் வயிறு உண்டு. ஆயினும் அதன் கம்பிக்கடியில் காந்தமும் செப்புக் கம்பிச்சுருளுமாக பிக்கப் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயர் கையில் கொடுத்துவிடும். 1936இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. சார்லி கிறிஸ்டியன் அதை ஏந்தி, சாக்ஸபோன்களுக்கு நடுவே கிட்டாருக்கும் தனி ஆவர்த்தனம் உண்டென்று காட்டினார். ஆக, சத்தம் போதவில்லை என்று பிறந்த கருவி இது. அதையே சத்தம் குறைய வேண்டி வாங்கச் சொல்லப்போகிறேன் என்பதை வாசகர் இப்போதே அறிந்துகொள்க.

அடுத்து அளவை. டெசிபெல் ஆய்வுக்கூடத்துக்குச் சரி, புளோக் தாழ்வாரத்துக்கு உதவாது. எனவே 'கதவு' என்னும் அலகை முன்மொழிகிறேன். வாசிப்பைக் கேட்டு எதிர்வீடு திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டால் ஒரு கதவு. தலை வாய் திறந்தால் இரண்டு. நகர மன்றத்துக்குப் புகார் போனால் அளவை முறிந்தது. டிரெட்நாட் வகை அக்கூஸ்டிக், பிளெக்ட்ரம் போட்டு இழுத்தால், இரண்டு கதவுக்குக் குறையாது. 1916இல் பிறந்த அவ்வடிவத்துக்குப் போர்க்கப்பலின் பெயரை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒயர் செருகாத ஹாலோபாடியோ சொந்த வீட்டு அடுப்படிக் கதவோடு நின்றுவிடும். வாசிப்பவன் காதுக்குப் போதும். எதிர்வீட்டு ஆண்ட்டியின் தூக்கத்துக்குப் போதாது.

இரவு 10.30 முதல் காலை 7 வரை அடக்கி வாசிக்கும்படி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) நெடுநாளாகக் கேட்டுக்கொண்டு வந்தது. அண்டைவீட்டுச் சத்தம் பற்றி ஆராய்ந்த ஆலோசனைக் குழு 2022இல் அதைப் பத்து முதல் எட்டு வரை நீட்டலாம் என்று பரிந்துரைத்தது. வேலை முடிந்து, டின்னர் முடிந்து கிட்டாரை எடுப்பவனுக்கு மிஞ்சுவது என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள். (வீரமாகாளியம்மன் கோயில் நாதஸ்வரத்தை இதே தாழ்வாரம் கைகூப்பி வரவேற்கும். மங்கல ஓசைக்குக் கதவுக்கணக்கு கிடையாது.)

ஈரப்பதம் தனி அதிகாரம். கிட்டார் செய்பவர்கள் கேட்பது 45 முதல் 55 விழுக்காடு. சிங்கப்பூர் தருவது ஆண்டுச் சராசரி எண்பதுக்கு மேல். விடியலில் தொண்ணூறையும் தாண்டும். முழு ஸ்ப்ரூஸ் மேற்பலகை அதைக் குடித்து உப்பும், பிரிட்ஜ் தூக்கும், கம்பி எழும்பும், விரல் நோகும். பகலெல்லாம் புழுக்கம், இரவெல்லாம் ஏர்கான் என்றால் இன்னும் மோசம். 1949இல் வந்த கிப்சன் ஹாலோபாடியான இஎஸ்-175இன் உடம்பு மேப்பிள் ஒட்டுப்பலகை. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அவ்வளவு எளிதில் அசையாது. ஒட்டுப்பலகையா என்று அமெரிக்க ரசிகன் மூக்கைச் சுளிக்கட்டும். அவன் சிராங்கூனில் துணி காயப்போட்டதில்லை.

இனி மறுப்பு. "இளைய நிலா வருமா?" என்பார் உளர். நியாயமான கேள்வி. 1980இல் மூடுபனி படத்தின் 'என் இனிய பொன் நிலாவே', 1982இல் பயணங்கள் முடிவதில்லை படத்தின் 'இளைய நிலா': இவ்விரண்டு நிலாக்களும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்ததைப் போல வேறெந்த விளம்பரமும் செய்ததில்லை. சிட்டி ஹாலில் இறங்கி பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளில் கிட்டாரைக் கையில் வாங்கும் நம்மாள் முதலில் தேடுவது அப்பாட்டுகளின் கிட்டார் ஆரம்பத்தைத்தான். ஹாலோபாடியில் அது வராது. வருவது வேறு ஒன்று: உருண்டையான, கொஞ்சம் தூக்கக் கலக்கமான ஓசை. அக்கூஸ்டிக்கின் ஜிலுஜிலுப்பு வெண்கலம் சுற்றிய கம்பியால் வருவது. வெண்கலத்தைக் காந்தம் மதிக்காது என்பதால் ஹாலோபாடிக்கு நிக்கல் சுற்றிய கம்பியே விதி. இளைய நிலாதான் வேண்டும் என்பவர் அக்கூஸ்டிக்கே வாங்குக; இரவு பத்து மணிக்குள் வாசித்து முடிக்க.

ஆம்ப்ளிஃபயரைக் கூட்டி வைத்து ஹாலோபாடியோடு அதன் எதிரே நிற்பதும் ஆகாது. வெளியே போன ஓசை வயிற்றை அதிரவைக்க, வயிறு கம்பியை அதிரவைக்க, பிக்கப் அதையும் அனுப்ப, ஊளை கிளம்பும். அது எத்தனை கதவு என்று அளக்க இவ்வலகு போதாது.

அற்றேல், வயிறே இல்லாத சாலிட்பாடியை வாங்கி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் ஆகாதோ எனின், ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வருவார். "தம்பி கிட்டார் கிளாஸ் போறானாமே, எங்க, ஒண்ணு வாசி" என்பார். ஒயரைத் தேடி, அடாப்டரைத் தேடி, ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுப்பதற்குள் பேச்சு தங்க விலைக்குப் போய்விடும். ஹாலோபாடியை அப்படியே மடியில் வைத்து வாசிக்கலாம். பெரியம்மாவுக்குக் கேட்கும். பிழை விட்டால் முழுசாகக் கேட்காது.