ஸ்டேட் பேங்குக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பாரத ஸ்டேட் வங்கி நிர்வாகத்தார் அவர்களுக்கு,

ரகசியம் காப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. அதைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம்.

2018-இல் தொடங்கி, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, கொடுப்பவர் பெயரை வெளியே சொல்லாமல் கட்சிகளுக்கு நன்கொடை தரும் தேர்தல் பத்திரங்களை 16,518 கோடி ரூபாய்க்கு விற்றீர்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இங்கே இரண்டு கையும் குலுக்கிக்கொண்டன. உடம்புக்குத்தான் தகவல் இல்லை.

ஐக்கிய ஜனதா தளம் சொன்ன கதை வேறு. பாட்னா அலுவலகத்தில் யாரோ ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பிரித்தால், தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்களாம். தேர்தல் ஆணையத்திடமே சொன்ன கணக்கு இது. என் வீட்டு வாசலில் கல்யாணப் பத்திரிகைதான் வந்து விழுகிறது.

பத்திரங்கள் வழியாக அதிகம் பெற்றது மத்தியில் ஆளும் பாஜக. தமிழ்நாட்டுக்காரர்கள் நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? 2003-லேயே லாட்டரியைத் தடை செய்த மாநிலம் எங்களுடையது. பத்திரம் வாங்கியதில் முதலிடம், 1,368 கோடியோடு, கோவை முகவரி கொண்ட லாட்டரி நிறுவனத்துக்கு. அதில் 509 கோடி திமுகவுக்கு. கொடுத்தவர் பெயரை திமுக ஆணையத்திடம் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சீட்டுக்குத்தான் தடை, பரிசுக்கு இல்லை.

உங்கள் நிதானமும் போற்றத்தக்கது. 22,217 பத்திரங்களை யார் வாங்கினார், யார் மாற்றினார் என்று ஒப்பிட, விவரங்களைக் கேட்ட நீதிமன்றத்திடம் 2024 ஜூன் 30 வரை அவகாசம் கேட்டீர்கள். தேர்தல் முடிவு ஜூன் 4. சாப்பிட்டு முடித்த பிறகு மெனு கார்டு தரும் பண்பு! ஒப்பிடவே வேண்டாம், இருப்பதைக் கொடுங்கள் என்று மார்ச் 11 அன்று நீதிமன்றம் சொன்னதும், மறுநாளே கொடுத்தீர்கள், பத்திரங்களின் ரகசிய எண்களை மட்டும் விட்டுவிட்டு. புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும் அந்த எண்ணை 2018-இல் பூனம் அகர்வால் என்ற செய்தியாளர் வெளிக்கொண்டு வந்தபோது, வாங்குபவர் பெயரோடு அது குறித்துவைக்கப்படுவதில்லை என்றது அரசு. நீதிமன்றம் மறுபடி அதட்டியதும், மார்ச் 21 அன்று அதே எண் பெயர்களோடு வந்து நின்றது. எப்படியென்று கேட்க மாட்டேன். ரகசியம்.

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் ஓட்டும் ரகசியம்தான். பண்ணையாரும் முதலாளியும் மிரட்டக் கூடாதே என்று எளியவனுக்குக் கட்டிக் கொடுத்த திரை அது. கோடி கொடுக்கிறவருக்கும் திரை கட்டினீர்களே, யாரிடமிருந்து மறைக்க? எதிர்க்கட்சி பழிவாங்கும் என்ற பயம் என்றது அரசு. ஆனால் கணக்குப் புத்தகம் இருந்ததோ அரசு வங்கியில். அப்படியானால் பயப்பட வேண்டியவர் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரல்லவா? மிச்சம் இருப்பது நாங்கள்தான். அவ்வளவு பயங்கரமானவர்களா நாங்கள்? கேட்கவே பெருமையாக இருக்கிறது.

ஆகவே ஒரு விண்ணப்பம். அடுத்த தேர்தலில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் மை பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு புற ஊதா விளக்கையும் வைக்கச் சிபாரிசு செய்யுங்கள். செலவை எங்கள் சேமிப்புக் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளலாம். எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
கேஒய்சி முடித்த ஒரு வாக்காளன்