இன்னும் ரெண்டு சட்டி: மேட்டுப்பாத்தி நிரப்பும் மண்ணின் அளவு குறித்து ஓர் ஆய்வு

மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கட்டாந்தரையாகக் கிடந்த இடத்தில், மூன்று மேட்டுப்பாத்திகள் கட்டுவதென்று தை மாதம் முடிவாயிற்று. ஹாலோ பிளாக் அடுக்கிக் கட்டியும் ஆயிற்று. நிரப்ப மண் எவ்வளவு வேண்டும் என்ற வினா எழுந்தபோது, “நீளம், அகலம், உயரம் மூணையும் பெருக்குங்க, வந்துடப் போகுது” என்றார் என் மனைவி. அந்தக் கூற்றை மறுக்க எழுந்ததே இவ்வாய்வேடு. மனைவியாரை இனி நெறியாளர் என்றே குறிப்பிடுவேன். ஏட்டில் நெறியாளர் பெயர் முதலில் வரும், கையில் மண் ஒட்டாது என்பது பல்கலைக்கழக மரபு.

முன்னோர் ஆய்வுகளைப் பார்த்துவிடுவோம். மண்ணை எண்ணும் ஆசை பழையது. கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸ், பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல் வேண்டும் என்று கணக்குப் போட்டு கெலோன் மன்னனுக்கு எழுதினார். இன்றைய எழுத்தில் சொன்னால், ஒன்றுக்குப் பின் 63 சுழியம். மனிதர் மேதைதான், சந்தேகமில்லை. ஆனால் மணலை யார் இறக்குவது, தெருவில் கொட்டினால் எத்தனை நாள் விடுவார்கள் என்பதை அவர் தொடவே இல்லை. நம் பக்கத்தில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால், அறுக்காத பலாப்பழத்தின் சுளைக் கணக்கு வந்துவிடும் என்று வழி சொன்ன நூல். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவன் ஒரு பாத்தியைக் கண்டு மலைப்பதா?

மூன்றாவது, திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலம். வைகை பெருகியது, கரையை அடைக்க வீட்டுக்கொரு ஆள் என்றார்கள், ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாக வந்தார், உதிர்ந்த பிட்டே கூலி. ஆண்டுதோறும் ஆவணியில் மதுரை இதை விழாவாகக் கொண்டாடுகிறது. வேலை நடக்காமல் பிரம்படி விழுந்ததை எல்லாரும் பக்தியோடு சொல்வார்கள். இவ்வாய்வாளர் கவனிப்பது வேறொன்று: கரையில் கிழவிக்கு இவ்வளவு என்று பங்கை அளந்து விட்டிருக்கிறார்கள். மண் வேலையில் முதலில் அளவு, அப்புறம் தகராறு.

இனி நம் பாத்தி. நீளம் 10 அடி, அகலம் 4 அடி, உயரம் ஒன்றரை அடி. நெறியாளர் சொன்னபடி பெருக்கினால் 60 கன அடி, மூன்றுக்கும் 180. இங்கேதான் முதல் பிழை. டேப்பை நான் வெளிப்பக்கமாகப் பிடித்திருக்கிறேன். கல்லின் கனம் 6 அங்குலம், இரு பக்கமும் சேர்ந்தால் ஓர் அடி. உள்ளே இருப்பது 9க்கு 3. பெருக்கினால் ஒரு பாத்திக்கு 40.5, மூன்றுக்கும் 121.5. அரை அடிச் சுவர் மூன்றில் ஒரு பங்கு மண்ணை விழுங்கிவிட்டது. கல்லுக்கும் மண் வாங்கிப் போட இருந்தேன்.

விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீர் ஊற்றும்போது மண்ணோடு வழியும். 2 அங்குலம் இடம் விட்டு 16 அங்குலம் என்று வைத்தால், பாத்திக்கு 36, மூன்றுக்கும் 108. அடுத்தது அமுங்கல். புது மண் நாலு தண்ணீர் பட்டதும் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 108இல் ஐந்தில் ஒன்றைக் கூட்டினால் போதாதா என்பார்கள். போதாது. அமுங்கியபின் 108 நிற்கவேண்டும் என்றால் 108ஐ 0.8ஆல் வகுக்கவேண்டும். விடை 135. கூட்டியிருந்தால் 129.6தான் வந்திருக்கும். இந்த ஐந்தரை கன அடி வித்தியாசத்தை நெறியாளருக்கு விளக்கிய அன்று இரவு உப்புமா.

மண் ஏன் அமுங்குகிறது? சாதாரணத் தோட்ட மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். மண் துகளின் அடர்த்தி 2.65, அதே மண் கும்பலாகக் கிடக்கும்போது சுமார் 1.3. மீதி காற்றும் நீரும். அதாவது டிராக்டர்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி காற்றுக்கு. வேருக்கு அந்தக் காற்று வேண்டும் என்பதால் இதைப் பற்றிப் புகார் சொல்லவும் வழியில்லை.

கலவை இன்னொரு சங்கடம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் என்பது திட்டம். ஒன்றோடொன்று கலந்தால் கூட்டுத்தொகை வராது, சின்னது பெரியதின் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். இதை நிரூபிக்க அடுக்களையில் ஒரு சோதனை செய்தேன். ஒரு டம்ளர் நிலக்கடலை, ஒரு டம்ளர் கடுகு, இரண்டையும் ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினேன். திருப்பி அளந்தால் ஒன்றே முக்கால் டம்ளர்கூடத் தேறவில்லை. அறிவியல் வென்றது. நெறியாளர் உள்ளே வந்தார், பாத்திரத்தைப் பார்த்தார், சல்லடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மண்ணும் உரமும் அவ்வளவு மோசமில்லை. பத்தில் ஒன்று குறையும் என்று கொண்டால், 135 கன அடிக் கலவைக்கு 150 கன அடிப் பொருள் வேண்டும். அதில் உரம் 50, மண் 100. நூறு கன அடிதான் ஊரறிந்த ஒரு யூனிட்! தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். இத்தனை பெருக்கி, வகுத்து, கழித்து, கடைசியில் முழு எண்ணாக ஒன்று வந்து நின்றது கணிதத்தின் கருணை என்றே நம்பினேன்.

இடையில் புறத்தேர்வாளரான என் மாமியார் ஒரு கேள்வி கேட்டார்: “மாடியிலேயே வச்சிருக்கலாமே மாப்பிள்ளை, வெயில் நல்லா அடிக்குமே?” நியாயமான கேள்வி. ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. 16 அங்குல ஆழத்துக்கு அது சதுர மீட்டருக்கு 600 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 விதி வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மூன்று பாத்தி மண்ணும் சேர்ந்தால் ஓர் ஆண் யானையின் எடைக்கு வந்துவிடும். யானையாவது அவ்வப்போது இடம் மாறும். இது வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும், நாமே தினம் தண்ணீர் வேறு ஊற்றுவோம். மாமியார் கேட்டுவிட்டு, “அப்ப கீழேயே இருக்கட்டும்” என்று அனுமதி தந்தார்.

டிராக்டர் வந்தது. எங்கள் சந்து ஒடுக்கம், எனவே தெருவில்தான் கொட்டவேண்டும். கொட்டுமுன் சக்கரத்தில் ஏறி, இம்முறை உள்பக்கமாக, பெட்டியை அளந்தேன். 9க்கு 5க்கு 2. தொண்ணூறு.

“அண்ணே, யூனிட்டுன்னா நூறில்லையா?”

“கோபுரமா அடிச்சிருந்தோம் சார். வர்ற வழியில அஞ்சு ஸ்பீட் பிரேக்கரு.”

படி அளப்பதில் தலைதட்டி அளப்பது, கும்பலாக அளப்பது என்று இரண்டு உண்டு. இவர் ஆற்றங்கரையில் கும்பலாக அளந்து என் வாசலில் தலைதட்டிக் கொடுக்கிறார். நடுவில் அமுங்கியது யார் கணக்கு? அமுங்கல் பற்றி நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் ஹைட்ராலிக்கைத் தூக்கிவிட்டார்.

மண்ணைக் கொல்லைக்குச் சுமக்க ஒரு சித்தாள் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். எங்கள் சட்டி தலைதட்ட 12 லிட்டர் பிடிக்கும் (குடத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தது). ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகவே மண்ணும் உரமுமாக முந்நூற்று முப்பது சட்டி. வாசல்படியில் உட்கார்ந்து நான் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நூறாவது நடையில் என்னைப் பார்த்து, “நீங்களும் ஒரு சட்டி தூக்கினா சீக்கிரம் முடியும் சார்” என்றார். சொக்கநாதர் வாங்கிய பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தது என்பார்கள். எனக்கு அன்று மாலைதான் அது புரிந்தது.

மாலையில் இரண்டு பாத்திகள் விளிம்புக்கு மேல் கும்பலாக நின்றன. மூன்றாவது விளிம்புக்கு 2 அங்குலம் கீழே. பார்வைக்குப் பிழையில்லை, ஆனால் அமுங்கினால் பள்ளம். கணக்குப்படி கலவையில் 9 கன அடி குறை, அதாவது 21 சட்டி. சித்தாள் அக்கா எட்டிப் பார்த்து, “இன்னும் ரெண்டு சட்டி போட்டா சரியாப் போயிரும்” என்றார். இந்தத் தொடரை ஆய்வுக்காலம் முழுவதும் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். குறை எவ்வளவாயினும் மக்கள் வாயில் அது ரெண்டு சட்டிதான். இதை நான் சட்டி மாறிலி என்று பெயரிட்டுள்ளேன்.

ரெண்டு சட்டி மண்ணை யாரும் விற்பதில்லை, இருபத்தொன்றையும் விற்பதில்லை. டிராக்டர்காரரிடம் மண் முழு லோடாகத்தான் உண்டு, பின்னம் கிடையாது. ஆக, தேவை ஒரு லோடுக்கு மேல் ஒரு பிடி இருந்தாலும் விடை இரண்டு லோடு. ஆர்க்கிமிடீஸ் முதல் அடியேன் வரை போட்ட கணக்கெல்லாம் ஒன்றா, இரண்டா என்று தீர்மானிக்கத்தான். இரண்டாவது லோடும் வந்தது. உரம் தீர்ந்திருந்ததால் ஒன்பது கன அடியும் வெறும் மண்ணாகவே உள்ளே போயிற்று. எண்பத்தொன்று தெருவில் நின்றது.

தெருவில் நிற்கும் மண்ணுக்கு அமுங்கலைவிட வலுவான ஒரு விதி உண்டு. முதல் நாள் பிள்ளைகள் அதில் கோட்டை கட்டினார்கள், இரவில் பூனைகள் தம் காரியத்தைப் பார்த்தன. மறுநாள் ஒருவர் வாசல் பள்ளத்துக்கு, ஒருவர் கொடிக்கம்பம் நட, எதிர்வீட்டுத் தங்கச்சி “அண்ணே, ரோஜாவுக்குக் கொஞ்சம்” என்று கேட்டுவிட்டு. பத்தே நாளில் தெரு சுத்தம். தேவைக்கு மேல் ஒன்பது மடங்கு வாங்கியவன் மண்ணாசை பிடித்தவன் ஆகிவிடக்கூடாதே என்று நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு கோடைமழை கொட்டியது. விடிந்து பார்த்தால் கத்திரி நட்ட பாத்தியில் ஒரு மூலை உள்வாங்கிக் கிடக்கிறது, இரண்டு செடியின் வேர் வெளியே தெரிகிறது. நெறியாளர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “இன்னும் ரெண்டு சட்டி” என்றார் புறத்தேர்வாளர் திண்ணையிலிருந்து.

காலிச் சட்டியோடு எதிர்வீட்டுக்குப் போனேன். “ஐயோ, அதுலதான் அண்ணே பதியன் வச்சிருக்கேன். இப்பத்தான் துளிர் விட்டிருக்கு” என்றது தங்கச்சி. பிறகு என் முகத்தைப் பார்த்து, “வேணும்னா தொட்டியோட எடுத்துட்டுப் போங்க” என்றது.

தொட்டியின் உள்விட்டத்தை அளந்துகொண்டுதான் பதில் சொன்னேன்.