பூவாளிக்காரர்

இப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு மாடித் தோட்டக்காரர் இருக்கிறார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், மேற்பார்வை பார்க்கும் பழக்கத்துக்கு அல்ல. 2020 ஊரடங்கில் மாடிக்கு ஏறிய கூட்டம் இது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தபோது இன்னும் பெருகியது. ஆறு மணிக்குக் காபி, ஆறேகாலுக்குப் பூவாளி என்பது அவர் நித்திய அனுஷ்டானம். குரோ பேக், மண்புழு உரம், மீன் அமிலம், திருஷ்டி பொம்மை என்று அவர் மாடியில் எல்லாம் உண்டு, செடியைத் தவிர. கேட்டால் மண்ணைச் சொல்வார், விதைக் கடைக்காரரைச் சொல்வார், எதிர்வீட்டு அம்மாளின் கண்ணைச் சொல்வார். அந்த அம்மாள் பாவம், அவருக்கு இதில் சம்பந்தமே கிடையாது. இவருடைய செடிகள் கவனிப்பு இல்லாமல் சாகவில்லை. கவனிப்பு தாங்காமல் சாகின்றன.

முதல் சாட்சி தண்ணீர். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை என்பதை மட்டும் அவர் நம்ப மறுக்கிறார். மண்ணின் நுண்துளைகளெல்லாம் நீரால் அடைபட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை தொங்கும். இங்கேதான் விதி விளையாடுகிறது. தாகத்தில் வாடிய செடியும் நீரில் மூழ்கி வாடிய செடியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அவர் தாகம் என்று முடிவு கட்டி இன்னொரு பூவாளி ஊற்றுவார். போதாக்குறைக்குப் பையில் பாதி தென்னை நார்த்தூள். மேல்பரப்பு காய்ந்து வெளுத்திருக்கும். உள்ளே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம் இது. ஆனால் ஈரமானி வாங்கி வைத்திருப்பவருக்கு விரலை நம்ப மனம் வருமா? வடிந்த நீர் வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தட்டு வேறு வைத்திருப்பார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறந்து போக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அந்த மாடியில் பருவம் தவறாமல் விளைவது அது ஒன்றுதான்.

எதிர்ச் சாட்சிக்கு அதே வீட்டின் புறக்கடைக்கு இறங்கி வர வேண்டும். காக்கை எச்சத்தில் விழுந்து, சுவருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே தானாக முளைத்த பப்பாளி இடுப்பு முழுக்கக் காயோடு நிற்கிறது. யாரும் அதற்கு உரம் வைக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்தில் வாழை குலை தள்ளுகிறது. முருங்கையின் கதை இன்னும் ருசியானது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 செடிமுருங்கை, விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்; அது நம்மிடம் கேட்பது தண்ணீர் தேங்காத இடமும், ஆரம்பத்தில் நுனி கிள்ளுவதும்தான். நம்மவரோ அதையும் தொட்டியில் வைத்து, தினம் இரண்டு வேளை ஊற்றி, அடித்தண்டு அழுகியதும், "முருங்கைக்கே இந்த மண் ஆகலையே" என்று வியப்பார். கறிவேப்பிலை மட்டும் எப்படியோ அவரிடம் தப்பிக்கிறது. அது அவர் திறமையால் அல்ல. வீட்டுக்காரம்மா ரசத்துக்கு என்று நுனியை ஒடிக்க ஒடிக்க அது பக்கக்கிளை விட்டுக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது மருந்து. பஞ்சகவ்யாவைத் தெளிக்க லிட்டருக்கு 30 மில்லி போதும், அதாவது நூற்றுக்கு மூன்று பங்கு. அவர் கணக்கில் மூன்று நல்லதென்றால் முப்பது பத்து மடங்கு நல்லது. மறுநாள் இலை ஓரம் கருகினால் அதற்கும் ஒரு மருந்து இருக்கிறது. வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, துளி சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். அவருக்கு ஒழிவது நண்பகலில். அவரைக் கொடியில் அசுவினி தெரிந்த அன்றே போர் மூளும். அசுவினியைத் தின்னவென்றே பொறிவண்டின் புழு வந்து சேர்ந்திருக்கும். அது கறுத்து, முள் முள்ளாக, பார்க்க லட்சணமாக இராது. ஆகவே அதைத்தான் முதலில் நசுக்குவார். பூசணியும் பாகலும் முதலில் ஆண் பூக்களையே பூக்கும். அவை உதிர்வது இயல்பு. பெண் பூ சில நாள் கழித்து, காம்பில் குட்டிக் காயோடு வரும். அந்தச் சில நாளை அவரால் தாங்க முடியாது. பூ கொட்டுகிறது என்று உரம் கொட்டுவார். தழைச்சத்து ஏறிய கொடி மொட்டை மாடி முழுக்க இலையாகப் படர்ந்து, அதன்பின் பூக்கவே மறந்துவிடும். கொத்தமல்லி விதையை மூன்றாம் நாள் கிளறிப் பார்ப்பதைப் பற்றி இங்கே சொல்லவில்லை, இடம் போதாது.

இதற்கு அவர் தரப்பிலிருந்து ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். "மே மாதத்துச் சென்னை மாடியில் ஒரு நாள் ஊற்றாமல் இருந்து பாருங்கள், சார்" என்பார். உண்மைதான். கான்கிரீட் தளம் சுடும்போது சிறிய பை ஒரே பகலில் காய்ந்துவிடும். தினமும் ஏன், சில நாள் இரு வேளையும் ஊற்றத்தான் வேண்டும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது மண், கடிகாரம் அல்ல. பையைப் பெரிதாக்கி, மேலே காய்ந்த சருகை மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, நிழல்வலை ஒன்று கட்டினால் பாதித் தண்ணீர் மிச்சம். அதையும் மீறி மேயில் தக்காளிப் பூ உதிர்ந்தால் அது இரவுச் சூட்டின் வேலை. அந்தப் புழுக்கத்தில் மகரந்தம் சரிவர வேலை செய்யாது. அதற்கு எந்தக் கரைசலும் கிடையாது. ஆடிவரை பொறுப்பதுதான் மருந்து, அந்த மருந்து அவர் அலமாரியில் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் உருக்கமானது: அன்பில்லாமல் செடி வளருமா என்பது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும் துணைக்கு அழைப்பார். அழைக்கட்டும். கொடிக்குத் தேவைப்பட்டது பற்றிக்கொள்ள ஒரு கொம்பு. வள்ளல் கையில் இருந்த தேரை நிறுத்திவிட்டுத் தன் வழியே நடந்தார். மறுநாள் காலை ஆறேகாலுக்கு வந்து இலையைத் திருப்பிப் பார்த்ததாகச் செய்தி இல்லை. செடியைக் கைவிடச் சொல்வதல்ல என் கட்சி. தினமும் பார்க்கட்டும், இலைக்கடியிலும் பார்க்கட்டும். பார்த்ததற்கெல்லாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தைத்தான் விட வேண்டும். மல்லிகையைக் கார்த்திகையில் துணிந்து வெட்டிவிட்டு மாசி வரை சும்மா இருக்கத் தெரிந்தவருக்குக் கோடையில் பந்து பந்தாகப் பூ கிடைக்கிறது. நம்மவருக்கு வெட்ட மனம் வராது. சும்மா இருக்கக் கையும் வராது.

இத்தகையவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்து, பேரன் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் பெங்களூர் போகும்போது மாடிச் சாவியை உங்களிடம் கொடுத்தால், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள். விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். திரும்பி வந்து, செடிகள் தெளிந்து நிற்பதைப் பார்த்து, "தினமும் ரெண்டு வேளை ஊத்தினீங்கதானே?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.